மூன்றாவது கிண்ணம்

காபிக் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘நாக்கு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காபியைக் கரண்டியில் அள்ளி, அடுத்த அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சி, சரக்கு தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அப்படி உறிஞ்சினால்தான் வாசனை மூக்குக்கு ஏறும் என்பதை அவருக்கு யார் புரியவைப்பது?

அந்த வேலைக்கு ஒரு பரீட்சை உண்டு. மூன்று கிண்ணங்கள், இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. அந்த வேறொன்று எது என்று காட்ட வேண்டும். ஒருமுறை, கொட்டை வறுப்பவர் குசும்புக்கு மூன்றிலும் ஒரே காபியை ஊற்றி நீட்டினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“யார்கிட்ட? மூணும் ஒண்ணுதான். போய் வேலையைப் பாருங்க.”

அவளுக்கு உயிர் என்றால் தேன் காபி. அதில் தேன் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பழத்தோலை உரித்தபின் கொட்டையில் ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பைக் கழுவாமல் அப்படியே வெயிலில் காயவைப்பார்கள். அந்த இனிப்புக்குத்தான் இந்தப் பெயர். பஸ் மெக்கானிக்கான அவள் கணவர் இதை நம்பியதே இல்லை.

“தேனே இல்லாம தேன் காபியா? நல்லா காதுல பூ சுத்துறீங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு கிண்ணம் போட்டுத் தருவாள். “சூட்டோட குடிக்காதீங்க, ஆறட்டும். ஆறினாத்தான் பேரிக்காய் வாசனை வரும். தெரியுதா?”

“காபி மாதிரி இருக்கு.”

“கட்டை நாக்கு!”

பிறகு வந்தது அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல். போகும்போது மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது. அடுப்பில் பால் தீய்ந்து புகைந்தபோது, அவள் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? மேனேஜர் மாதக் கடைசிவரை பொறுத்திருப்பதாகச் சொன்னார். அதன்பின் மூன்று கிண்ணம் வைப்பார். தவறினால் மூட்டை கட்டும் பிரிவு.

“இந்த நாக்கு இல்லைன்னா நான் யாருங்க?” என்று அவள் கேட்டாள். மெக்கானிக் அவளுக்காகக் காபி போடக் கற்றுக்கொண்டார்.

வேலை முடிந்து வந்ததும் டீசல் நாற்றம் போகக் கையைத் தேய்த்துக் கழுவுவார். காகித வடிகட்டியில் தூளைப் போட்டு, கொதி அடங்கிய நீரை முதலில் கொஞ்சமாக விடுவார். தூள் பொங்கி அடங்கியதும் நூல் மாதிரி சுற்றிச் சுற்றி ஊற்றுவார். இரண்டு கிண்ணத்தில் கழுவிக் காயவைத்த சாதாரணக் காபி, ஒன்றில் தேன் காபி. முதலில் அவளால் முடியவில்லை. அப்புறம் ஒருநாள் சரியாகக் காட்டினாள், இன்னொரு நாளும் காட்டினாள். மனிதர் பணிமனையில் சீட்டியடித்துக்கொண்டே நட்டு முடுக்கினார்.

பரீட்சைக்கு முந்தின நாள், ஊற்றிக்கொண்டிருக்கும்போதே காஸ் சிலிண்டர் வந்தது. வாங்கி வைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் போட்டு முடித்தார். அவள் கண்ணை மூடி மூன்றையும் உறிஞ்சினாள். மூன்றாவது கிண்ணத்துக்கு மறுபடி போனாள். முகம் மலர்ந்தது.

“இதுதாங்க தேன். மத்த ரெண்டும் சாதா. பேரிக்காய்கூட லேசா தெரியுது!”

அவர் சமையல் மேடையைப் பார்த்தார். சாதாரணக் காபிப் பொட்டலம் கிளிப் போட்டபடியே இருந்தது. அவசரத்தில் மூன்றிலும் தேன் காபியையே போட்டிருக்கிறார். அப்படியென்றால், அவள் முன்பு சரியாகச் சொன்னதெல்லாம் வெறும் குருட்டாம்போக்கு.

“என்னங்க, சரிதானே?”

“சரிதான்.”

அவள் உடனே மேனேஜருக்குப் போன் போட்டாள். “நாளைக்கு வர்றேன் சார், எல்லாம் சரியாயிடுச்சு.” ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடலாம். அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

போனை வைத்துவிட்டு மூன்றாவது கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். “இப்ப ஆறியிருக்கும், குடிச்சுப் பாருங்க.”

குடித்தார். நாக்கின் ஓரத்தில் மெதுவாக ஓர் இனிப்பு. அதன் பின்னாலேயே பழுத்த பேரிக்காய், சந்தேகமே இல்லாமல்.

“தெரியுதா?”

“காபி மாதிரி இருக்கு” என்றார்.

“கட்டை நாக்கு!” என்று அவள் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.