ஜெசிந்தா அக்காவின் கிறிஸ்தோப்பர்

வியாழக்கிழமை காலை இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் நிற்கையில் ஜெசிந்தா அக்காவின் மகள் நிரோஷா அழைத்தாள். "மாமா, அம்மா விடிய எழும்பி வரேக்கை விழுந்தவா. போயிட்டா. ஹார்ட் அற்றாக்காம்." எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். அக்கா தந்த புனிதர் படம் என் பைக்குள் இருந்தது.

மன்னாரில் பிறந்து இங்கே புலம்பெயர்ந்த ஜெசிந்தா அக்கா பழைய அச்சுப்படங்களைச் செப்பனிட்டு வந்தார். அதே பட்டறையில், பக்கத்து மேசையில் அவற்றுக்குச் சட்டமிடுபவன் நான்.

நான் சேர்ந்த புதிதில் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய படமொன்று வந்தது. பாலன் இயேசுவைத் தோளில் சுமந்து ஆறு கடக்கும் புனித கிறிஸ்தோப்பர். பலகையில் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் ஒற்றியது. முகம் தேய்ந்து கறுத்திருந்தது. துடைக்கப் போனேன்; அக்கா பதறித் தடுத்தார்.

"ஐயோ, கை வையாதையும்! அது ஊத்தையில்லை. ஆரோ பயந்த மனிசர் வாய் வைச்சுக் கொஞ்சின இடம்!"

அக்கா விளக்கினார்: முன்பெல்லாம் புனிதர் படங்கள் கோயில்களிலும் பிரபுக்கள் வீட்டிலும்தானாம். பலகை அச்சு வந்தபின் செருப்புத் தைப்பவரும் ஒன்றை வாங்கிக் கதவில் ஒட்டினாராம். கிறிஸ்தோப்பரைப் பார்த்தால் அன்று சாவில்லை என்று நம்பினார்களாம்.

"சண்டைக்குள்ளை செல்லடிக்கேக்கை கலண்டரிலை வெட்டின மாதா படத்தைச் சட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு பங்கருக்குள்ளை இருந்தனான், தம்பி. கோயில் சுருவத்தை, அந்தப் பெரிய சிலையை, தூக்கிக்கொண்டு ஓடேலுமோ?"

பிறகு மாலை வகுப்பொன்றில் அக்காவும் ஒரு கிறிஸ்தோப்பரைச் செதுக்கினார். ஒரு படம் ஒற்றியதும் பலகை பிளந்துவிட்டது. அந்த ஒன்றைத் தினமும் காலையில் பார்த்துவிட்டே வீட்டைவிட்டு இறங்குவார்.

அந்த வியாழனுக்கு முதல் நாள், என் இருதய ஓப்பரேசனுக்குத் திகதி வந்தது. தேநீரை ஆறவிட்டு அந்தத் திகதியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா தன் படத்தை நீட்டினார்.

"நான் பிள்ளையார் ஆள், அக்கா."

"பயத்துக்குச் சமயம் இருக்கோ? வைச்சிரும். எனக்கு ஒண்டும் நடவாது."

வாங்கிவிட்டேனே! நான் வாங்காதிருந்தால் மறுநாள் காலையும் அதை அவர் பார்த்திருப்பார். மூடநம்பிக்கை என்று நூறு தரம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நெஞ்சு கேட்கவில்லை.

சவப்பெட்டி மூடுமுன் அவர் கையில் வைத்துவிடத்தான் அதைக் கொண்டுபோனேன். என் விரல்கள் அதை விடவில்லை. வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்: திருப்பிக் கொடுக்கப் பயந்தேன்.

நிரோஷா என் கையைப் பொத்தினாள். "வைச்சிருங்கோ, மாமா. அம்மாக்கு இனிப் பயமில்லை."

போய் வாருங்கள், அக்கா. நாளை காலை எனக்கு ஓப்பரேசன். சற்றுமுன் கிறிஸ்தோப்பரின் முகத்தில் என் உதட்டின் ஈரம் பட்டுவிட்டது. துடைக்கவில்லை.