ஐம்பத்துநாலு கிலோமீட்டர் சாலையில் என் அக்கா தொலைத்த ஐந்து கிலோ

போர்வெல் ரிக் லாரியோடு போய் இந்தியாவையே சல்லடையாகத் துளைத்தவன் நான். ராய்ப்பூரில் போர் போட்டேன், ராஜஸ்தானில் போர் போட்டேன், என் சத்தம் தாங்காமல் பூமிக்கு அடியில் குடியிருந்தவர்கள் வீடு மாறிவிட்டதாகக் கேள்வி. அப்பேர்ப்பட்டவனை நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் வெறும் ஐம்பத்துநாலு கிலோமீட்டர் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது.

வழக்கம்போல என் பயணக் கட்டுரையில் மலை ஏறிய கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தச் சித்திரையில் நான் போன ஒரே ஊர் சேலம். என் அக்கா சரசுவுக்கு மார்பகத்தில் புற்றுநோய் என்று தை மாதம் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஆறு கீமோ. மச்சானுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, கோழிப்பண்ணை உண்டு, பேச்சு கிடையாது. ஆஸ்பத்திரியில் பேச ஒரு வாய் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டார்கள். இதே காரியமாக இதே சாலையில் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான்காவது கீமோவுக்குப் போன நாள். காலை 6.10-க்கு நாமக்கல் எல்லையில் இருக்கும் பண்ணை வீட்டிலிருந்து கிளம்பினோம். வாடகைக் கார், போக வர, காத்திருப்பு, சுங்கம் எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். டிரைவர் முருகேசன் ராசிபுரத்துக்காரர், தங்கமான மனுஷன். அந்தத் தங்கம், அக்கா வருகிறார் என்று காரில் புதிதாக மல்லிகை வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டிருந்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் அக்கா இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்துவிட்டார்.

"நல்ல வாசமா இருக்கட்டும்னுதானுங்க மாட்டுனேன்," என்றார் முருகேசன், டப்பாவைக் கழற்றிக்கொண்டே.

"உம்பட நல்ல மனசுக்கு ஒண்ணும் கொறையில்ல சாமி. அதைக் கொண்டுபோயி டிக்கியில போடு," என்றார் அக்கா.

முதல் குறிப்பு இங்கேயே: கீமோ எடுப்பவர் ஏறும் காரில் சென்ட், ஊதுபத்தி, வாசனை டப்பா எதுவும் வேண்டாம். நமக்கு மல்லிகை மணப்பது அவர்களுக்குப் பெட்ரோல் மாதிரி இருக்கும்.

6.55-க்கு ஆண்டகளூர் கேட்டில் டிபன். மச்சான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச்சட்டியை எடுத்தார். உப்பில்லாத மிளகு ரசம், இட்லி இரண்டு. அக்கா அரை இட்லியை இருபது நிமிஷம் மென்றார். நான் அந்த நேரத்தில் ஒரு மாவட்டத்துக்கே போதுமான பொங்கலைச் சாப்பிட்டு முடித்திருந்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

7.40-க்கு மருத்துவமனை. எடை பார்த்தார்கள். மாசியில் முதல் கீமோவின்போது ஐம்பத்திரண்டு கிலோ. இப்போது நாற்பத்தேழு. ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் குறைவு. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது என்றார். "ஒரு வாரம் தள்ளிப்போடலாம். அதுக்கு மேல தள்ளிட்டே போனா இதுவரை செஞ்சதோட பலன் குறைஞ்சிடும். எண்ணிக்கைக்கு ஊசி போடறேன். எடை இனியும் இறங்கக் கூடாது, அது உங்க பொறுப்பு." கீழ்த்தளத்தில் இருக்கும் உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆலோசகர் ஆத்தூர்ப் பெண், வயது இருபத்தைந்துதான் இருக்கும். "முதல் நாளே சாப்பாட்டுச் சீட்டு கொடுத்திருப்பாங்களே?" என்று கேட்டாள்.

கொடுத்தார்கள். மச்சான் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு சாமி அறையில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டுகூட வைத்தாராம். படிக்கத்தான் இல்லை. அதற்குப் பதிலாக, தீவனக் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில் தானே எழுதிய பத்தியப் பட்டியல் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கம் மருந்து என்றால் பத்தியம், பத்தியம் இல்லாவிட்டால் அது மருந்தே இல்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அரைக்கிலோ ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, போகும்போது ஒரு உணவைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். முட்டை ஆகாது என்று ஒருவர், தயிர் ஆகாது என்று இன்னொருவர், உப்பு, பால், வாழைப்பழம், பருப்பு. மூன்று மாதத்தில் இருபத்துமூன்று பொருள் போயிருந்தது. இன்னும் நாலு சொந்தக்காரர்கள் வந்திருந்தால் தண்ணீரும் காற்றும் சேர்ந்து போயிருக்கும்.

"முட்டை ஏன் சார் வேண்டாம்னு போட்டிருக்கீங்க?"

"சூடுங்க."

"தயிர்?"

"குளிர்ச்சிங்க."

"ரெண்டும் வேணாம்னா என்னதான் சார் சாப்பிடறாங்க?"

"ரசஞ்சோறுங்க. இட்லிங்க." மச்சான் கொஞ்சம் யோசித்தார். "சுடுதண்ணிங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன தொழில் சார்?"

"கோழிப்பண்ணைங்க. நாப்பதாயிரம் கோழி."

"ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம்?"

மூன்று மாதமாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர் வாயைத் திறந்தார். "நூத்திப்பத்து கிராமுங்க. மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத்தூள், கிளிஞ்சல். அளவுல கை வெக்கவே கூடாதுங்க. பத்து கிராம் கொறைஞ்சாக்கூட நாலு நாள்ல முட்டை கொறைஞ்சு போயிருமுங்க."

அக்காதான் பேசினார்.

"எனக்கு மோல்டிங் போட்டிருக்கறாருங்க கண்ணு."

பண்ணைக்காரர்கள் வயதான கோழிக்குச் சில நாள் தீவனத்தை நிறுத்தி இறகெல்லாம் உதிர வைப்பார்கள். அப்புறம் மறுபடி முட்டையிடும். அதற்குப் பேர்தான் மோல்டிங். அக்கா தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக் காட்டித்தான் அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"பயமா இருந்துச்சுங்க," என்றார் அவர். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அதுல எது நெசம்னு எனக்கென்ன தெரியும்? குடுத்து, அப்பறம் ஏதாச்சும் ஆயிட்டா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவருடைய இடுப்பையே பார்த்தாள். பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்திய இரண்டு ஓட்டைகள். "நீங்க என்ன சார் சாப்பிடறீங்க?"

"அதேதானுங்க."

தராசில் ஏற்றினோம். ஏழு கிலோ போயிருந்தது. பண்ணையில் ஆட்களோடு சாப்பிடுகிறார் என்றுதான் அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தார். "ஊட்டுக்கு ஒரு சீக்காளி பத்தாதாக்கு?" என்றார். அதற்குப் பிறகு கார் வரைக்கும் அவரோடு பேசவில்லை. ஆனால் படியில் இறங்கும்போது அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஆலோசகர் சொன்னதை இங்கே வைக்கிறேன். இது எங்கள் அக்காவுக்குச் சொன்னது, உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதே சட்டம். மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நன்றாக வெந்த முட்டை, பருப்பு, கோழி, காய்ச்சிய பாலில் வீட்டிலேயே உறைய வைத்த தயிர் எல்லாம் சாப்பிடலாம். பச்சைக் காய்கறி, கடையில் நறுக்கி வைத்த பழம், ரோட்டுக்கடை ஜூஸ் கூடாது. டாக்டர் எழுதிய வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போட வேண்டும். சூடான சாப்பாடு அதிகமாக மணக்கும் என்பதால் ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை விட்டுவிடலாம். காய்ச்சல் நூறைத் தாண்டினால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும்.

திரும்பும் வழியில் சேலத்திலேயே பீங்கான் கிண்ணமும் மரக்கரண்டியும் வாங்கினோம், 260 ரூபாய். மாலை 3.20-க்கு வீடு.

அடுத்த ஏழு நாளும் நான் அங்கேயே தங்கி நடத்திய போரைப் பற்றித் தனிக் காவியமே எழுதலாம். முதல் நாள் முட்டை வேகும் வாசத்துக்கே அக்காவுக்குக் குமட்டியது. அடுப்பை முட்டை அடுக்கும் கொட்டகைக்கு நாடு கடத்தினேன். அங்கே வேக வைத்து, ஆற வைத்து, மிளகு தூவி எடுத்து வந்தால் பாதி முட்டை உள்ளே போனது. மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் அக்கா தட்டுவடை செட் கேட்டார், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய காய்கறியும் வைத்துத் தரும் சேலத்துத் தீனி. ரோட்டுக்கடைக்குத் தடை. வீட்டிலேயே பீட்ரூட்டையும் கேரட்டையும் வேக வைத்துத் துருவி, சட்னியைக் கொதிக்க விட்டு, நானே தயாரித்தேன்.

"இது தட்டுவடை செட்டா, தட்டுவடைக்கு வெச்ச படையலா?" என்று கேட்டுவிட்டு மூன்று சாப்பிட்டார்.

மிச்ச நேரமெல்லாம் வாசல் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுகளைப் பறிமுதல் செய்தேன். மச்சானின் பங்காளி ஒருவர் பப்பாளி இலைச் சாறு ஒரு பாட்டில் நிறையக் கொண்டு வந்தார்.

"டாக்டர் எழுதிக் குடுத்தா குடுக்கறேனுங்க," என்றேன்.

"டாக்டருக்கு என்னப்பா தெரியும்?"

"அப்ப நீங்க உள்ள போயி மருந்தையும் ஏத்திட்டுப் போயிருங்க."

அந்தப் பங்காளி இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஏழு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

எட்டாம் நாள் காலை அதே 6.10, அதே கார், வாசனை இல்லை, என் மடியில் ஆற வைத்த முட்டை டப்பா. 7.25-க்கு மருத்துவமனை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்: தராசில் ஏறுவதற்கு முன் என் சாவிக்கொத்தையும் செல்போனையும் அக்காவின் இடுப்புப் பைக்குள் நழுவவிட்டேன். நர்ஸ் எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "இந்த எடைய வச்சுத்தான் சார் மருந்து அளவே போடறாங்க. விளையாடாதீங்க." ஐம்பத்தெட்டு வயதில் வகுப்பறைக்கு வெளியே நிற்பதுபோல நின்றேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நாற்பத்தேழு கிலோ எண்ணூறு. ரத்த எண்ணிக்கையும் ஏறியிருந்தது. 10.40-க்கு மருந்து ஏறத் தொடங்கியது.

இதே பாதையில் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயங்கள். ஆறரைக்குள் கிளம்பிவிட்டால் வெயிலுக்கு முன்னால் சேலத்துக்குள் நுழைந்துவிடலாம். காரில் வாந்திக்குப் பை, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், எலுமிச்சை மிட்டாய் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டை சாமி அறையில் வைக்காமல் சமையலறையில் ஒட்டுங்கள். ஏதாவது ஆகாது என்று யாராவது சொன்னால், சொன்னவர் பேரையும் சேர்த்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பாதிப் பேர் பேரைக் கேட்டதுமே வாபஸ் வாங்கிவிடுவார்கள். துணைக்குப் போகிறவர்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அவர்கள் பட்டினி கிடப்பது நோயாளிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா கண் விழித்தார். மருந்து பாதி இறங்கியிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"எங்கடா அவரு?"

"கேண்டீன்ல. ரெண்டாவது வாட்டி சோறு வாங்கிட்டு இருக்கறாரு. கூட்டிட்டு வரட்டா?"

"வேண்டாம், உண்ணட்டும்," என்றார். ஊசி இல்லாத கையை என் பக்கம் நீட்டினார். "அந்த முட்டை டப்பாவ இப்படிக் குடு."