பூட்டுப் படம் போட்ட கடை

இணையக் கடைகளுக்கு வங்கி அட்டையில் காசு வாங்கும் வழி அமைத்துக் கொடுப்பது என் தொழில். இதில் கணினியோடு படும் பாடு கால் பங்கு, மனிதரோடு படும் பாடு முக்கால் பங்கு. இதே தொழிலில் இருப்பவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள்.

நான் இதை எங்கும் போய்ப் படித்தவன் அல்ல. துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். மனைவி காலமான பிறகு, கொட்டாஞ்சேனை வீட்டில் சும்மா இருக்க முடியாமல், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே பழகிக்கொண்டேன். அதன்பின் எத்தனையோ கடைகளுக்குச் செய்து கொடுத்தாயிற்று. ஆனாலும் களைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளவத்தை வசந்தியின் கடைதான்.

காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய வீடொன்றின் முன்னறையில் வசந்தி மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் எள்ளுப்பாகும் விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு மகள்மாரின் படிப்பும் அந்த அறை வியாபாரத்தில்தான் ஓடியது. வீட்டுச் சொந்தக்காரர் அதை அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டார். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அந்த வாடகைக்கு வேறு இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. அதற்குள் வாடிக்கையாளர்கள் இணையத்தில் வாங்கப் பழகிவிட்டால் தான் குடியிருக்கும் பிளாட்டிலிருந்தே பொதி செய்து அனுப்பலாம். பழகாவிட்டால் பதினெட்டு வருட வியாபாரம் அறையோடு சேர்ந்து போய்விடும்.

கொப்பியில் பத்தொன்பது பேர்

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் வசந்தி தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றை என் முன்னால் வைத்தாள். எனக்குச் சிரமம் குறையட்டும் என்று அவளே முன்கூட்டிச் செய்து வைத்த வேலையாம். திறந்து பார்த்தேன். வாடிக்கையாளர் பத்தொன்பது பேரின் பெயர், அட்டை இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், எல்லாம் அழகான கையெழுத்தில் நேர்கோடு போட்டு எழுதியிருந்தது. நான் இவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும், பாவம் வயதுபோனவர்கள் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றாள்.

கொப்பியை உடனே மூடினேன். கடைக்காரருக்கே அட்டை இலக்கம் தெரியக்கூடாது, அது நேரே வங்கிக்குப் போகவேண்டும், அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டது என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். கடைசியில் அந்தத் தாள்களை அவளே கிழித்து, குசினி அடுப்பில் போட்டு எரித்தாள். திரும்பி வந்து, மனத்தாங்கலோடு சொன்னாள்:

"கேட்ட உடன எல்லாரும் சந்தோசமாத் தந்தவை அண்ணை. இதில ஒருத்தரையும் நம்பாத ஆள் நீங்கள்தான்."

உறைப்புப் போதாவிட்டால்

அடுத்தது வங்கி. கொள்ளுப்பிட்டிக் கிளையில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தவர் ஓர் இளம் முஸ்லிம் பெண், நல்ல பிள்ளை. எல்லாம் சரி, ஆனால் பொருள் பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கடைப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும், அது இல்லாமல் அனுமதி வராது என்றாள். வசந்திக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. இத்தனை வருடத்தில் தன் தூளை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை, இப்போது அப்படி எழுதினால் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது போலிருக்கும் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், எழுத மறுத்தாள். அந்த ஒரு கிழமையும் எங்களுக்கிருந்த இரண்டு மாதத்திலிருந்துதான் கழிந்தது.

பிறகு ஒருநாள் காலை அவளே எழுதி அனுப்பினாள்: 'பொதி கிழிந்திருந்தால் மாற்றித் தரப்படும். உறைப்புப் போதாது என்று சொன்னால் மாற்றித் தரப்படமாட்டாது.' அதையே போட்டு வங்கிக்குக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளை இரண்டு தரம் வாசித்தது. சிரிக்கவில்லை.

"உறைப்புக் கூடிட்டா என்ன செய்யிறண்டும் ஒரு வரி போடுங்களே அங்கிள்."

சோதனைக்கு நூறு கிராம்

அனுமதி வந்ததும் உண்மையான அட்டை ஒன்றால் வாங்கிப் பார்க்க வேண்டும். என் அட்டையைப் போட்டு நூறு கிராம் மிளகாய்த்தூள் வாங்கினேன். உறுதிப்படுத்தும் இலக்கம் குறுஞ்செய்தியில் வரும் என்று திரை சொன்னது. நான் பையிலிருந்து இரண்டாவது கைபேசியை எடுத்தேன். பழைய, பொத்தான் வைத்த கைபேசி. யாருடையது என்று வசந்தி கேட்டாள். மனைவியுடையது என்றேன். வங்கிக் கணக்குத் திறந்தபோது கொடுத்தது அவளுடைய கைபேசி இலக்கம். இன்றுவரை அதற்குத்தான் வருகிறது. மாதம் தவறாமல் அதற்குக் காசு போட்டு, சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

இலக்கம் வந்தது, தட்டினேன், காசு போனது. வசந்தி நூறு கிராமை நிறுத்து, பொதி செய்து, என் பெயரை எழுதித் தந்தாள். வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"பாங்கில நம்பர் மாத்திறது ஒரு கையெழுத்துத்தான் எண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே அண்ணை."

ரொறன்ரோவில் ஒருவர் தூங்குகிறார்

இணையக் கடை திறந்த முதல் நாள் முதல் ஆளாக வந்தவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பழைய வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிட்டடியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். கனடாவில் இருக்கும் மகன், செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கோ என்று தன் அட்டையொன்றைக் கொடுத்திருந்தான். இங்கே மாஸ்டர் மத்தியானம் இலக்கங்களைச் சரியாகத் தட்ட, உறுதிப்படுத்தும் இலக்கம் அங்கே நடுச்சாமத்தில் மகனின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் விடாமுயற்சிக்காரர். ஐந்து தரம் முயன்றிருக்கிறார்.

மகன் எழும்பி ஐந்து குறுஞ்செய்தியையும் பார்த்து, யாரோ அட்டையைக் களவெடுத்துவிட்டார்கள் என்று வங்கிக்குச் சொல்லி அதை நிறுத்திவிட்டான். மாஸ்டரின் ஓய்வூதியக் கணக்குக்கே ஓர் அட்டை எடுத்துக் கொடுக்க, அவரோடு நான் இரண்டு நாள் அலைந்தேன். வரிசையில் நிற்கும்போது அவர் சொன்னது:

"ஒரு கிலோ மிளகாய்த்தூளுக்கு அங்க என்ர பெடியன் வேலைக்குப் போகாமப் பாங்கில நிக்கிறான், இஞ்ச நான் நிக்கிறன். நடந்து போய் வாங்கியிருந்தா ஏழு நிமிசம் தம்பி."

பெரிய பூட்டு

காலி செய்ய ஒரு கிழமை இருக்கும்போது இணையத்தில் வியாபாரம் நின்றது. ஆட்கள் வருகிறார்கள், கூடையை நிரப்புகிறார்கள், காசு கட்டும் பக்கம் வரை வருகிறார்கள், அங்கிருந்து திரும்பிப் போகிறார்கள். எல்லாம் எனக்குக் கணினியில் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. மூன்று நாள் என் வேலையில் பிழை தேடினேன். காசு வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். தங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். வசந்தி ஒன்றும் குறை சொல்லவில்லை. பெரிய மகளுக்கு ஏதாவது கந்தோரில் கிளாக்கர் வேலை இருக்குமா என்று மட்டும் கேட்டாள். அவள் அடுத்த மாதம் பல்கலைக்கழகம் போக இருந்த பிள்ளை.

நாலாம் நாள் மாஸ்டர் கையில் பையோடு வேறு கடைக்குப் போக ஒழுங்கையால் வந்தவர், திறந்திருந்த கதவைக் கண்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வசந்தி தூள் நிறுத்துக்கொண்டிருந்தாள். புது அட்டை வேலை செய்யவில்லையா என்று நான் கேட்டேன். அவர் தன் கைபேசியைத் திறந்து, காசு கட்டும் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அங்கே நான் போட்ட மஞ்சள் பூட்டுப் படம். இது பாதுகாப்பான இடம் என்று காட்டப் போட்டது. போன கிழமைதான், ஆட்களுக்கு நம்பிக்கை வரட்டும், இன்னும் பெரிதாகப் போடுங்கோ என்று வசந்தி சொல்ல, அரைத் திரைக்குப் பெருப்பித்திருந்தேன். விளக்கம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. வீடு விற்ற கதையோ எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்து வசந்தியைக் கேட்டார்:

"கடை பூட்டு எண்டு போனில படம் போட்டு வச்சிருக்கிறியள். பிறகேன் பிள்ளை கதவைத் திறந்து வச்சிருக்கிறாய்?"

அங்கேயே படியில் குந்தி அந்தப் பூட்டுப் படத்தை எடுத்தேன். அந்த இடத்தில் வசந்தி சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கடை திறந்திருக்கு. இதில காசு கட்டலாம்.' மற்றக் காவல் எல்லாம் பின்னால் அப்படியே இருந்தது. பின்னேரத்துக்குள் நாலு ஓடர் வந்தது. அறையைக் காலி செய்த அன்று பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வந்தபோது, வசந்தியால் வாசலுக்கு வந்து பார்க்க முடியவில்லை. பதினொரு பொதி அன்றைக்கே போகவேண்டியிருந்தது. மகளுக்கு வேலை தேடுவது பற்றி அவள் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

கடைக்குப் பாதுகாப்புப் போட எனக்கு ஏழு கிழமை பிடித்தது, அது ஆட்களின் கண்ணில் படாமல் செய்யப் பத்து நிமிடம், வசந்தி எல்லோரிடமும் சொல்லிப் புகழ்வது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.