ருமேனியாவிலிருந்து வேலை பழக வந்தவள்

சுவிஸில் பீல் நகரத்தில் கைமணிக்கூடுகளுக்கு முள் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்தேன். எங்கள் பகுதியில் இருந்தவர்கள் என்னைத் தொழிலாளர் குழுவுக்குத் தெரிவுசெய்திருந்தார்கள். வேலைநேரம், விடுமுறை எல்லாவற்றையும் நிர்வாகத்தோடு கதைத்துத் தீர்ப்பது அந்தக் குழுதான். இந்த நாட்டில் வேலைநிறுத்தம் அரிது. மேசையில் உட்கார்ந்து கதைத்தால் எதுவும் தீரும் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஒரு வசந்தகாலத்தில் ருமேனியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் எங்கள் நிறுவனம் அங்கே ஒரு கிளை திறந்திருந்தது. அவளுக்கு வேலை பழக்கும்படி என்னிடம் சொன்னார்கள். சாவணத்தால், அந்தச் சின்ன இடுக்கியால், முள்ளைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "மூச்சை விடு, முள் பறக்காது" என்று பிரெஞ்சில் சொல்லுவேன். மத்தியானத்தில் என் சோற்றில் பாதி அவளுக்கு. கத்தரிக்காய்க் குழம்பு அவளுக்குப் பிடித்துப்போனது.

பக்கத்து மேசையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"தங்கச்சி, இவளுக்கு ஏன் எல்லாத்தையும் பழக்கச் சொல்லுறாங்கள் எண்டு யோசிச்சுப் பாத்தனீரோ?"

"புதுக் கிளைக்கு ஆள் வேணும்தானே, அண்ணை."

"ஓம். பழைய கிளைக்கு?"

நான் அடுத்த முள்ளை எடுத்தேன்.

கோடை விடுமுறை முடிந்ததும் குழுவைக் கூப்பிட்டார்கள். எங்கள் பகுதியை மூட யோசித்திருப்பதாக இயக்குநர் சொன்னார். முடிவெடுக்குமுன் சட்டப்படி எங்கள் யோசனைகளைக் கேட்கவேண்டுமாம். எல்லோரும் நேரத்தைக் குறைத்து வேலை செய்கிறோம், ஒருவரையும் நிறுத்தவேண்டாம் என்று கேட்டோம். குறுக்கிடாமல் கேட்டார், நன்றி சொன்னார். அடுத்த கூட்டத்தில், மிகக் கவனமாக ஆராய்ந்ததாகவும் மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார். அவ்வளவு மரியாதையாக 'இல்லை' என்று அதற்கு முன்பு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது அவள் என் மேசையருகே நின்றாள். விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது.

"நீங்கள் எல்லோரும் ஓய்வுபெறப் போகிறீர்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள்" என்றாள்.

ஓய்வுபெறும் வயது எனக்கு எங்கேயோ தூரத்தில் இருந்தது. அவளோடு கோபிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னும் ஒரு கிழமை பழக்கவேண்டியிருந்தது. பழக்கினேன். அந்தக் கிழமை முழுவதும் அவள் என் சோற்றை வாங்கவில்லை.

எனக்கு முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை கிடைத்தது. அண்ணைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அறுபதை நெருங்கியவரை யார் எடுப்பார்கள்? விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்து, கடைசியில் ஆட்களோடு கதைப்பதையே விட்டுவிட்டார். பஸ்ஸில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

போன மார்கழியில் அவள் ருமேனியாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே நேரகாலம் இல்லாமல் வேலை வாங்குகிறார்களாம். கேட்பதற்குக் குழுவும் இல்லையாம்.

"எப்படித் தொடங்குவது?" என்றாள்.

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முதலில் நம்பக்கூடிய ஆட்களோடு கதை, மேலாளரிடம் தனியாகப் போகாதே என்றேன்.

"நாங்கள் சொன்னால் கேட்பார்களா?"

கேட்பார்கள் என்றேன். கேட்டபின் என்ன செய்வார்கள் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. பொங்கலுக்குப் பிறகு நானே எடுத்துப் பார்த்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை.