புகார்ப் பெட்டியின் சாவி

போன வருஷம் ஐப்பசியில், தென்காசிப் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. நான் யார் என்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்தது விளங்காது.

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்ட கை என்னுடையது. படிப்பு மூன்றாம் வகுப்பு. எண்ணெய் தேய்த்த காசில் பழக்கடை போட்டேன். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்று இடம் வாங்கினேன். இன்றைக்கு முப்பத்திரண்டு ரூம் லாட்ஜ், தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம், இரண்டு போர்வெல் லாரி. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. மூன்று பேங்க் மேனேஜர்கள் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒருத்தர் பிற்பாடு தன் மகள் கல்யாணத்துக்கு என் மண்டபத்தைத்தான் பிடித்தார்.

ஒரு விஷயத்தில்தான் நான் குறைச்சல். அச்சடித்தது என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கையால் எழுதினது எனக்கு ஓடாது. வீட்டு ஆட்களைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். எவனாவது தாளை நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டேன், நீங்களே வாசிங்க" என்பேன். இதை எழுதுவதும் மருமகள்தான். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு பெஞ்சும் குடிதண்ணீர் மெஷினும் வாங்கிக் கொடுத்ததால், என்னை நோயாளர் நலச் சங்கத்தில் உறுப்பினராகப் போட்டார்கள். அங்கே வாசலில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. டாக்டர், நர்ஸ் மேல் குறை இருந்தால் எழுதிப் போடலாம். அந்தச் சாவி ஆஸ்பத்திரி ஆளிடம் இருந்தால் திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரி என்று கூட்டத்தில் அடித்துப் பேசினேன். சாவியை வாங்கிக்கொண்டேன். மனுக்களும் என் பீரோவில்தான் இருக்கும் என்றேன். மாசம் ஒரு தடவை போய்ப் பெட்டியைத் திறப்பேன். ஆபீஸ் கிளார்க் மனுக்களை வாசிப்பார். நான் கேட்டுவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுவேன்.

"பாத்ரூம் கதவுல கொண்டி சரியில்லையாம் அண்ணாச்சி" என்பார். மறுநாளே தச்சன் போவான். ஃபேன் சுற்றவில்லை என்பார். ஃபேன் போகும். புரட்டாசியில் ஒரே ஒரு தாள் கிடந்தது. அதைப் பார்த்து, "பிரசவ வார்டுல வெந்நி இல்லாம கஷ்டப்படுதாவளாம்" என்றார். சாயங்காலத்துக்குள் ஹீட்டர் மாட்டிக் கொடுத்தேன். அந்த வார்டு டாக்டரம்மா எனக்குச் சால்வை போட்டார்கள். டாக்டர், ஊழியர் மேல் புகார் எதுவும் இல்லை என்று நோட்டில் எழுதி கிளார்க் நீட்டினார். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன்.

லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ணுகிற அம்மா ஒருத்தி பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கிறாள். அச்சன்புதூர்க்காரி. அவளுடைய ஒரே மகளுக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் தலைப்பிரசவம். ஐப்பசியில் ஒருநாள் காலையில் வலி வந்து சேர்த்தார்கள். டியூட்டியில் இருக்க வேண்டிய டாக்டரம்மா அந்த நேரம் தன் சொந்த கிளினிக்கில் இருந்தார்கள். நர்ஸ் போன் பண்ணப் பண்ண, "இந்தா வந்துக்கிட்டே இருக்கேன்" என்று பதில். பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. மத்தியானம் திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆலங்குளம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறு கழிந்து அந்த அம்மா வேலைக்கு வந்தாள். பெட்ஷீட் அடுக்கும் அறையில் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கட்டிக்கோ என்றேன். அதற்குப் பிறகும் நகராமல் நின்றாள்.

"அண்ணாச்சி, எம் மவ புரட்டாசிலயே பெட்டில எழுதிப் போட்டாளே. சாவி உங்ககிட்டதான இருக்கு. நீங்க பாக்கலியா?"

"என்ன எழுதினா?"

"செக்கப்புக்குப் போனா டாக்டரம்மா இருக்க மாட்டுக்காவ, கிளினிக்குக்கு வரச் சொல்லுதாவன்னுதான். எங்க அண்ணாச்சி கைக்குப் போனா சரியாயிரும், எழுதிப் போடுட்டின்னு நாந்தான் சொன்னேன்."

வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து மனுக்கட்டை எடுத்து மருமகளிடம் கொடுத்தேன். புரட்டாசித் தாளை முதலில் வாசிக்கச் சொன்னேன்.

"இதுல வெந்நியப் பத்தி ஒண்ணும் இல்லையே மாமா" என்றாள்.

"நல்லாப் பாரு."

அவள் வாசித்தாள். அந்த அம்மாவின் மகள் எழுதினதுதான். ஆறு தடவை போயும் டாக்டரைப் பார்க்க முடியவில்லை. கிளினிக்குக்குப் போக வசதி இல்லை. 'எனக்கு ரத்தம் கம்மி என்று நர்ஸ் அக்கா சொல்கிறார்கள். பெரிய டாக்டர் ஒரு தடவை பார்த்தால் போதும்' என்று முடித்திருந்தாள்.

அந்தக் கட்டுக்குள் மொத்தம் ஏழு மனு. கொண்டி கேட்டவரும் இல்லை, ஃபேன் கேட்டவரும் இல்லை. ஏழும் அந்த டாக்டரம்மா டியூட்டியில் இல்லாததைப் பற்றித்தான். எனக்கு வாசிக்க வராது என்பதை கிளார்க் என்றைக்கோ கண்டுகொண்டிருக்கிறார். என் கையில் மனு இருப்பதுதான் அவருக்குப் பத்திரம்.

"இவ்வளவு நாளும் நம்ம பீரோவுலயா மாமா இருந்துச்சு?" என்று மருமகள் கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கார்த்திகையில் மேலிடத்து அதிகாரி அந்தச் சாவைப் பற்றி விசாரணைக்கு வந்தார். சங்கத்து ஆட்களையும் கூப்பிட்டிருந்தார். டாக்டரம்மா முதல் காரியமாக அந்த நோட்டைத்தான் மேஜையில் வைத்தார்கள். "ஒரு வருஷமா எம் மேல ஒரு புகார் கிடையாது சார். அண்ணாச்சியே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"உங்க கையெழுத்துதானா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"படிச்சுப் பாத்துத்தான் சார் போட்டாவ" என்று கிளார்க் முந்திக்கொண்டார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்றால் என் மரியாதை நிற்கும், டாக்டரம்மா தப்பித்துவிடுவார்கள். பையில் கொண்டு போயிருந்த ஏழு மனுவையும் எடுத்துப் போட்டால், இத்தனை மாசம் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அந்த அம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும் சார். ஒருத்தர் கைப்பட எழுதினதை வாசிக்கத் தெரியாது."

பக்கத்தில் இருந்த இன்னொரு சங்கத்து உறுப்பினர், நகைக்கடைக்காரர், சிரித்துவிட்டார். "டீக்கடையில பேப்பரும் கையுமால்லா இருப்பிய அண்ணாச்சி" என்றார். ஏழு மனுவையும் மேஜையில் வைத்தேன். அதிகாரி புரட்டாசித் தாளை எடுத்து கிளார்க்கிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை கிளார்க் உள்ளதை உள்ளபடி வாசித்தார். கடைசி வரி வந்தபோது அந்த அம்மா பிள்ளையோடு வெளியே போய்விட்டாள்.

டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் பிரசவ வார்டுதான் என்று கேள்வி. கிளார்க்குக்கு மெமோ. தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு விசாரணை அறிக்கையின் நகலை வாங்கினேன். புகார்கள் உரிய காலத்தில் நிர்வாகத்தின் பார்வைக்கு வரவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. யாரிடம் இருந்தது, ஏன் வரவில்லை என்று ஒன்றும் கிடையாது. பெரிய மனுஷன், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவோ செய்தவர், அவரை எதற்கு இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்களாம். அறிக்கை கொடுத்த ஆபீஸில் ஒருவர் இதை எனக்கு நல்லது செய்த மாதிரி சொன்னார்.

அந்த மரியாதை எனக்கு வேண்டாம் என்று மூன்று கடுதாசி போட்டுவிட்டேன், பதில் இல்லை. இத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்து அந்த மனுக்களைக் கொண்டு வந்து வைத்தது நான், வேறு எவனும் வைத்திருக்க மாட்டான், அதை எழுதட்டும். வெட்கத்துக்குப் பயந்து அதே மனுக்களைப் பூட்டி வைத்திருந்ததும் நான்தான், அதையும் எழுதட்டும். அந்தப் பெண் செத்ததில் என் பங்கு எவ்வளவோ அவ்வளவும் என் பேரில் ஏற வேண்டும், அது ஏறாத அறிக்கையை நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.