இரும்பைத் தொடாத இரும்பு வேலை

கல்கத்தா வந்து கரியாஹாட் நடைபாதையில் இட்லி விற்றேன். பெஹாலாவில் கிரில் பட்டறை போட்டேன். அந்தப் பட்டறையை வைத்தே மூன்று மாடி எழுப்பினேன். வங்காளிகளின் பூஜா கமிட்டிக்கே துணைத் தலைவர் ஆனேன். இத்தனையும் ஆறாம் வகுப்பைத் தாண்டாத நான்...

மருமகள் சுதா வந்த பிறகுதான் வீட்டில் எனக்கொரு போட்டி. அவளுக்கு சால்ட் லேக்கில் ஆராய்ச்சி வேலை.

"என்னம்மா ஆராய்ச்சி?"

"இரும்பு, மாமா."

இரும்பா? அது நம்ம லைன் ஆயிற்றே! மறுநாளே பட்டறையிலிருந்து ஒரு கம்பித் துண்டைப் பாலிஷ் போட்டு அவள் மேஜையில் வைத்தேன்.

"இதெல்லாம் வேண்டாம் மாமா. வெறும் கணக்குதான். வானத்துல கொதிக்கிற வாயுவுல இரும்பு அணு இருக்கு. அது எக்ஸ்ரே விடும். எந்த இடத்துல கோடு விழும், எவ்வளவு பளிச்சுன்னு விழும்னு நாங்க முன்னாடியே கணக்குப் போட்டாதான் டெலஸ்கோப்ல தெரியற கோடு எதோடதுன்னு சொல்ல முடியும்."

"இரும்பைத் தொடாமலே இரும்பு வேலையா?"

"கையும் கறுக்காது, பாருங்க."

போன வாரம் பூஜைப் பந்தலில் விளக்கு ஒத்திகை. பூஜை நடத்தும் எங்கள் கிளப்புக்குத் தனி லைன் இன்னும் வரவில்லை. 'என் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மார்தட்டியவன் சாட்சாத் நான்தான். விளக்குகள் எரிந்ததும் வீட்டில் பல்பெல்லாம் மங்கின. மாடியில் சுதாவின் கம்ப்யூட்டர் பேட்டரி கீச்சிட்டது. சுதா ஓடிவந்தாள்.

"மாமா, மூணு வாரமா ஓடுற கணக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். இப்ப நின்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நாளைக்கு அனுப்பலைன்னா டெலஸ்கோப்காரங்க வேற குரூப்போட கணக்கை எடுத்துப்பாங்க."

கொடுத்த கரண்டைத் துணைத் தலைவரே திருப்பிக் கேட்பதா? மானம் என்ன ஆவது? சத்தமில்லாமல் கீழே போனேன். பந்தல் லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தாதா, கரண்ட் கொத்தாய் கெலோ?" என்று வந்தார் கிளப் செயலாளர். கரண்ட் எங்கே போனதாம்! டார்ச் அடித்து நானும் அவரோடு தேடினேன் — ஒரு மணி நேரம், மிகுந்த அக்கறையோடு.

கணக்கு முடிந்தது. போய்ச் சேர்ந்தது. அவள் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் நன்றிப் பட்டியல் இருக்குமாம்... பேராசிரியர், நிதி கொடுத்தவர், கம்ப்யூட்டர் கொடுத்தவர். என் பெயர்?

"போடலாம் மாமா. ஆனா எதுக்கு நன்றின்னு எழுதணுமே. செயலாளர் பையன் எங்க இன்ஸ்டிட்யூட்லதான் படிக்கிறான்."

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கிளப்பில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது. சுதாவுக்கு வரும்.

காரணம் வேண்டாம் சுதா, பெயரைப் போடு... இனிஷியலோடு.