கண்ணுக்குத் தெரியாத தீயும் எங்கள் செயலாளரும்

எரிந்துகொண்டிருக்கும் ஸ்பிரிட் அடுப்பில் எரிபொருள் ஊற்றக் கூடாது. அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, வேண்டிய அளவைச் சிறு கோப்பையில் எடுத்து ஊற்ற வேண்டும். பாட்டிலை மூடித் தள்ளி வைத்த பிறகே தீக்குச்சியைத் தொட வேண்டும். அடுப்புப் பெட்டிக்குள் இருந்த தாளில் இதுதான் விதி. எங்கள் சங்கச் செயலாளர் அந்தத் தாளால் மசால் வடையின் எண்ணெயை ஒற்றி எடுத்தார்.

திருவொற்றியூரில் எங்களுடையது ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் சங்கம். பெரும்பாலோர் மணலிப் பக்கம் எண்ணெயோடும் வாயுவோடும் காலம் தள்ளியவர்கள். நான் பாதுகாப்புப் பிரிவு. அதாவது, எல்லோரும் கையெழுத்திட்டு மறந்துபோகும் காகிதங்களை எழுதியவன். பொங்கல் கழிந்து ஆந்திர எல்லையில் ஓர் அருவிக்குப் போவதாக முடிவாயிற்று. அங்கே டீ போட இந்த அடுப்பு. போடும் பொறுப்பு என் மனைவிக்கு, ஏனென்றால் செயலாளர் போடும் டீயை அவரே குடிப்பதில்லை.

எரிபொருள் ஊற்றும் முறையைச் சங்கத் தீர்மானமாக எழுதித் தராவிட்டால் மனைவியை அனுப்ப மாட்டேன் என்று கடிதம் கொடுத்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மனிதரிடமிருந்து பதில் இல்லை. மனைவிதான் பதில் சொன்னாள்.

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து எண்ணூர் பொகையத்தான் பாத்துகினு கீறேன். ஒரு அருவியப் பாக்க உங்க கடுதாசிக்கு பதில் வரணுமா?"

அவள் போவது உறுதி. பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் நைலக்ஸ் புடவையில் அந்த அடுப்பருகே உட்காரப் போவதும் உறுதி.

ஒரு ஞாயிறு நடுப்பகலில் செயலாளர் வீட்டு மொட்டை மாடியில் அடுப்புக்கு ஒத்திகை; டீ போட என் மனைவியும் வந்திருந்தாள். எங்கள் ஆட்களுக்குத் தீ என்றால் ஆலைக் குழாய் உச்சியில் மஞ்சளாகப் புகைந்து, நாறிக்கொண்டு எரிவது. ஸ்பிரிட்டின் வெளிறிய நீலச் சுடர் உச்சி வெயிலில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல எங்கள் சங்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

"அணைஞ்சு போச்சு மாமு," என்று செயலாளர் பாட்டிலைச் சாய்த்தார்.

"எரியுதுய்யா. மேலாகக் கையை நீட்டிப் பாரு," என்றேன்.

"எங்க எரியுது? உன் ஃபைலுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊற்றிய வழியே தீ பாட்டில் வாய்க்கு ஏறியது. பாட்டிலைக் கீழே போட்டார். லுங்கியின் ஓரம் பற்றிக்கொண்டது. மனைவி தண்ணீர் வாளியைத் தூக்கினாள். மாடியே ஒரே குரலில் கத்தியது: "தண்ணி ஊத்தாதே!"

எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஒருவர் மணல் வாளியைத் தேடினார், மொட்டை மாடியில். ஸ்பிரிட் தண்ணீரில் கரையும், நிறையத் தண்ணீர் அதை அணைத்துவிடும் என்று அங்கே தெரிந்திருந்தவன் நான் ஒருவனே. நானும்தான் கத்தினேன்.

அவள் ஊற்றிவிட்டாள். லுங்கி அணைந்தது. இன்னொரு வாளி தரைக்கு. செயலாளருக்குக் கெண்டைக்காலில் கொப்புளங்களோடு போயிற்று.

"துணி எரிஞ்சா தண்ணி ஊத்தாம இன்னா பண்ணுவாங்க?" என்றாள். மணல் தேடியவர் காலி வாளியை வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

அதன் பிறகு தீர்மானம் நிறைவேறியது. ஆறிய அடுப்பில், கோப்பையால், என் மனைவி மட்டுமே ஊற்றுவாள். மற்றவர்கள் பாட்டிலைத் தொடக் கூடாது. கடிதம் எழுதியவர் விரும்பினால் உடன் வரலாம். ஐந்து எழுத்துப் பிழைகளோடு அந்தப் பதில் என் கைக்குக் கிடைத்தது போகியன்று காலை.